டிரான்சிஸ்டர் வாங்கப் போகும் முன்: வீட்டு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் வரிசை

பியூஸ் போனது, திறந்து பார்த்தால் 5200 என்ற அவுட்புட் டிரான்சிஸ்டர் வெடித்திருந்தது, புது ஜோடி வாங்கிப் போட்டு ஆன் செய்ததும் அதுவும் போனது. ஆம்ப் ரிப்பேரில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. வெடித்த பாகம் கண்ணுக்குத் தெரிகிறது, அதை வெடிக்க வைத்தது தெரிவதில்லை. அதனால் டிரான்சிஸ்டர் வாங்கும் காசில் முதலில் ஒரு குண்டு பல்பும் ஹோல்டரும் வாங்குங்கள்.

இங்கே எடுத்துக்கொள்வது நம் ஊரில் மிகப் பரவலாக இருக்கும் அமைப்பு: 24-0-24 வோல்ட், 5 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர், ஏசியை டிசியாக்கும் ஒரு பிரிட்ஜ் (நான்கு டையோடு), இரண்டு பெரிய பில்டர் கெபாசிட்டர், சேனலுக்கு ஒரு 2எஸ்சி5200, ஒரு 2எஸ்ஏ1943 போட்ட போர்டு, முன்னால் 4558 ஐசி உள்ள பாஸ்-டிரெபிள் போர்டு, அதற்கும் முன்னால் புளூடூத், யூஎஸ்பி பேனல். சென்னை ரிச்சி தெருவில் உதிரியாக வாங்கிக் கட்டிய செட்டாக இருந்தாலும் கம்பெனி செட்டாக இருந்தாலும், இரட்டை சப்ளையில் ஓடும் டிரான்சிஸ்டர் ஆம்புக்குத் தேடும் வரிசை ஒன்றுதான்: முதலில் சப்ளை, பிறகு அவுட்புட்டில் டிசி, கடைசியாகத்தான் சிக்னல்.

சீரிஸ் லேம்ப்

100 வாட் குண்டு பல்பை ஆம்புக்குப் போகும் பேஸ் (லைன்) ஒயரில் தொடராக இணையுங்கள். ஒரு மரப்பலகையில் ஹோல்டர், ஒரு சுவிட்ச், ஒரு த்ரீ-பின் சாக்கெட் போதும். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. இழை உள்ள பல்புதான் வேண்டும். குளிர்ந்த இழைக்கு ரெசிஸ்டன்ஸ் குறைவு, சூடானதும் பல மடங்கு கூடும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு தானே பிரகாசமாக எரிந்து கரண்டைக் கட்டுப்படுத்திவிடும், ஆம்பில் எதுவும் வெடிக்காது.

நல்ல ஆம்பில் ஆன் செய்தவுடன் கெபாசிட்டர் சார்ஜ் ஆகும் வரை பல்பு பளிச்சென்று எரிந்து, ஓரிரு நொடியில் மங்கி ஏறக்குறைய அணைந்துவிடும். முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் ஷார்ட். பாதி வெளிச்சத்தில் நின்றால் பயாஸ் (பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஓடவிடும் சிறு கரண்ட்) ஏறியிருக்கலாம், அல்லது ஏதோ லீக் ஆகிறது. ரிப்பேர் முடியும் வரை இந்தப் பல்பு இல்லாமல் ஆம்பை ஆன் செய்யாதீர்கள், ஸ்பீக்கரையும் மாட்டாதீர்கள்.

மூடியைத் திறந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பில்டர் கெபாசிட்டர்களை டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும். ஸ்குரூடிரைவரை வைத்துத் தட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது போர்டு டிராக்கையும் கெபாசிட்டரையும் கெடுக்கும், தெறிக்கும் பொறி கண்ணுக்கும் ஆபத்து. 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டரின் கால்களில் ஒயர் பற்றவைத்து, ஒவ்வொரு கெபாசிட்டரின் குறுக்கேயும் பத்து நொடி பிடித்துவிட்டு, மீட்டரில் 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதா என்று பாருங்கள். டிரான்ஸ்பார்மரின் பிரைமரி பக்கம், சுவிட்ச், பியூஸ் ஹோல்டர் ஆகியவை 230 வோல்ட். பிளக் மாட்டியிருக்கும்போது அங்கே கை போகக் கூடாது. மீட்டர் வைத்து அளக்கும்போது ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வது பழைய மெக்கானிக்குகள் சொல்லும் பாடம், இன்றும் சரியானது.

சப்ளை

பல்பு பிரகாசமாக நின்றால் பகுதி பகுதியாகக் கழற்றி ஆராய வேண்டும். டிரான்ஸ்பார்மரின் செகண்டரி மூன்று ஒயரையும் எடுத்துவிட்டு டிரான்ஸ்பார்மரை மட்டும் ஆன் செய்யுங்கள். அப்போதும் பல்பு எரிந்தால் டிரான்ஸ்பார்மர் உள்ளே ஷார்ட், அதை மாற்றுவதைத் தவிர வழியில்லை. எரியாவிட்டால் பிரிட்ஜையும் கெபாசிட்டரையும் சேர்த்து, ஆம்ப் போர்டுகளுக்குப் போகும் ஒயரை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள். பிறகு இடது போர்டு, பிறகு வலது போர்டு. எதைச் சேர்த்ததும் பல்பு எரிகிறதோ பழுது அங்கே.

பல்பே எரியவில்லை, சப்ளையும் இல்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிரைமரியை ஓம்ஸில் அளக்கவும். ஓப்பன் (பாதை அறுந்தது) என்று காட்டினால் உடனே தூக்கிப் போட வேண்டாம். பல டிரான்ஸ்பார்மர்களில் பிரைமரி சுற்றின் மேல் டேப்புக்கு அடியில் ஒரு தெர்மல் பியூஸ் இருக்கும், அது மட்டும் போயிருக்கலாம். அதே வெப்ப அளவு உள்ளதை மாற்றலாம்; ஒயரை நேராக இணைத்து அதை இல்லாமலாக்குவது வீட்டைக் கொளுத்தும் வேலை.

24-0-24 டிரான்ஸ்பார்மரில் வர வேண்டிய டிசி எவ்வளவு? 24 பெருக்கல் 1.414 என்றால் சுமார் 34, டையோடு டிராப் போக 33 வோல்ட். சென்டர் டேப்பிலிருந்து (நடுவிலுள்ள 0 ஒயர்) பிளஸ் பக்கம் 33, மைனஸ் பக்கம் 33. லோடு இல்லாதபோது, அதுவும் லைனில் 240-க்கு மேல் வரும் ஊர்களில், இது 36 வரை போகும். இங்கேதான் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. சிக்கனத்துக்காக 35 வோல்ட் பில்டர் கெபாசிட்டரைப் போட்டுக் கட்டிய செட்டுகள் ஏராளம். சில மாதத்தில் அவற்றின் தலை உப்பிவிடும். 24-0-24-க்கு 50 வோல்ட் கெபாசிட்டர்தான், 63 இருந்தால் இன்னும் நல்லது. அளவு பக்கத்துக்கு 4700 மைக்ரோபாரட் குறைந்தபட்சம், 10000 போட்டால் பாஸ் அடிக்கும்போது சப்ளை அதிகம் தளராது.

ஒரு பக்கம் மட்டும் சப்ளை இல்லையென்றால் அந்தப் பக்கத்து பியூஸ், அல்லது பிரிட்ஜில் அந்தப் பக்கத்து இரண்டு டையோடுகளும். இரண்டு பக்கமும் ஏறுக்குமாறாக, ஒன்று 45, மற்றது 20 என்று வந்தால் சென்டர் டேப் ஒயரின் ஈயம் விட்டிருக்கிறது. பார்க்க ஒட்டியிருப்பது போலவே இருக்கும், ஒயரைப் பிடித்து அசைத்தால் கையோடு வரும்.

பில்டர் கெபாசிட்டர் வயதாகிவிட்டதா என்று அறிய சப்ளையின் மேல் ஏசி அளப்பார்கள். மலிவு மீட்டர்கள் பலவற்றில் ஏசி ரேஞ்சில் டிசியை வைத்தால் அந்த டிசியையே இரண்டு மடங்காக ஏசி என்று காட்டும். 33 வோல்ட் சப்ளையில் 70 வோல்ட் ஏசி வருகிறதே என்று மிரள வேண்டாம். 1 மைக்ரோபாரட், 100 வோல்ட் பிலிம் கெபாசிட்டர் ஒன்றை சிவப்பு முனையோடு தொடராக வைத்து அளந்தால் ஏசி மட்டும் தெரியும். பாட்டு ஓடாத நிலையில் அரை வோல்ட்டைத் தாண்டினால் கெபாசிட்டரை மாற்றுங்கள். ஒன்று போயிருந்தாலும் ஜோடியாக.

அவுட்புட்டில் டிசி

சப்ளை சரி என்றால் ஸ்பீக்கர் மாட்டாமல், பல்பு இருக்கும் நிலையிலேயே, ஸ்பீக்கர் டெர்மினலில் டிசி அளக்கவும். புரொடெக்‌ஷன் ரிலே (பழுது வந்தால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள செட்டில் ரிலேக்கு முந்தைய புள்ளியில் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் பழுதை ரிலே மறைத்துவிடும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 100-ஐத் தாண்டினால் முன்நிலை டிரான்சிஸ்டர் ஜோடியைச் சந்தேகிக்கலாம். ஏறக்குறைய சப்ளை வோல்ட்டேஜே, 30 வோல்ட் பிளஸ்ஸாகவோ மைனஸாகவோ, வந்து நின்றால் அந்தப் பக்கத்து அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட். பிளஸ் என்றால் முதல் சந்தேகம் 5200 மேல், மைனஸ் என்றால் 1943 மேல். இந்த நிலையில் ஸ்பீக்கரை மாட்டினால் சில நொடியில் வாய்ஸ் காயில் கருகும். ஆன் செய்தவுடன் கோன் ஒரே பக்கமாகத் தள்ளி அப்படியே நிற்கிறதா? உடனே பிளக்கைப் பிடுங்குங்கள்.

டிரான்சிஸ்டரை எழுத்துள்ள முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் இடமிருந்து வலமாக பேஸ், கலெக்டர், எமிட்டர். மீட்டரை டையோடு மோடில் வையுங்கள். 5200-க்கு சிவப்பு முனை பேஸில், கருப்பு முனை மற்ற இரண்டிலும் மாறி மாறி: 0.45 முதல் 0.65 வரை காட்ட வேண்டும். 1943-க்கு முனைகளை மாற்றிப் பிடிக்கவும். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே எப்படிப் பிடித்தாலும் ஓப்பன். பஸ்ஸர் அடித்தால் செத்துவிட்டது. போர்டிலேயே அளந்தால் பக்கத்துப் பாகங்கள் குழப்பும். சந்தேகம் வந்தால் கழற்றி அளந்துவிடுங்கள்.

இனி, புது ஜோடி ஏன் உடனே போகிறது என்பதற்கு வருவோம். 5200 ஷார்ட் ஆகும்போது அது தனியாகப் போவதில்லை. முழு சப்ளையும் எமிட்டர் ரெசிஸ்டர் வழியாகப் பாய்ந்து அது ஓப்பன் ஆகும். கலெக்டரும் பேஸும் ஒட்டிக்கொண்டால் 33 வோல்ட் பின்னோக்கி, அவுட்புட் ஜோடியை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டருக்குப் போகும். பிடி139, பிடி140 அல்லது டிஐபி41சி, 42சி ஜோடி அதில் போய்விடும். அதற்கும் பின்னால் பயாஸ் டிரான்சிஸ்டர், எளிய போர்டுகளில் அதற்குப் பதிலாகத் தொடராக நிற்கும் இரண்டு மூன்று 1என்4148 டையோடுகள். இதில் ஒரு டையோடு ஓப்பன் ஆகியிருந்தால் போதும், இரண்டு அவுட்புட் டிரான்சிஸ்டரும் ஒரே நேரத்தில் முழுமையாகத் திறந்து, பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்கு நேர் பாதை உண்டாகிவிடும். புது ஜோடி போன கதை இதுதான்.

எனவே ஒரு பக்கம் அவுட்புட் போயிருந்தால் அந்தச் சேனலில் இவ்வளவையும் அளந்த பிறகே கடைக்குப் போக வேண்டும்: எமிட்டர் ரெசிஸ்டர் இரண்டு, டிரைவர் இரண்டு, பயாஸ் டிரான்சிஸ்டர் அல்லது டையோடுகள், பேஸுக்குப் போகும் சின்ன ரெசிஸ்டர்கள், பயாஸ் பிரிசெட் (திருகி அளவை மாற்றும் சின்ன ரெசிஸ்டர்). பாதி ஆம்ப் மாற்றுவது போலத் தோன்றினாலும், பெரிய ஜோடி ஒன்று மறுபடி போவதை விட இந்தச் சின்னப் பாகங்களின் விலை குறைவு. எமிட்டர் ரெசிஸ்டர் 0.22 ஓம், 5 வாட். சாதாரண மீட்டரின் ஒயருக்கே கிட்டத்தட்ட அவ்வளவு ரெசிஸ்டன்ஸ் உண்டு, அதனால் துல்லியமாக அளக்க முடியாது. இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணும் ரெசிஸ்டரில் வரும் எண்ணும் அநேகமாக ஒன்றாக இருந்தால் சரி. பக்கத்துச் சேனல் நன்றாக வேலை செய்கிறதென்றால் அதுவே உங்கள் சர்க்யூட் படம். ஒவ்வொரு புள்ளியையும் இரண்டு போர்டிலும் அளந்து ஒப்பிடுங்கள்.

போலி 5200 சந்தையில் நிறைய. மேலே அச்சு அழகாக இருக்கும், உள்ளே சிலிக்கான் துண்டு சின்னதாக இருக்கும். டையோடு மோடில் அதுவும் பாஸ் ஆகிவிடும், வால்யூம் ஏற்றியதும்தான் போகும். மற்ற கடைகளை விடப் பாதி விலைக்குக் கிடைத்தால் வாங்காதீர்கள். இரண்டையும் ஒரே கடையில், நம்பிக்கையான டீலரிடம் எடுங்கள்.

ஹீட் சிங்கில் பூட்டும்போது மைக்காவும் (கரண்டைத் தடுக்கும் மெல்லிய தகடு), அதன் இரண்டு பக்கமும் மெல்லிய பூச்சாக ஹீட் சிங்க் பேஸ்டும். பேஸ்டை அப்பினால் வெப்பம் நன்றாகப் போகும் என்று நினைப்பது தவறு; கட்டியான படலம் வெப்பத்தைத் தடுக்கும். திருகு துளையின் விளிம்பைக் கட்டாயம் விரலால் தடவிப் பாருங்கள். டிரில் போட்ட இடத்தில் அலுமினியம் மெல்லிய முள்ளாக எழும்பி நிற்கும். திருகை இறுக்கும்போது அது மைக்காவைக் குத்திக் கிழிக்கும், அப்புறம் கலெக்டர் பாடியோடு ஷார்ட். பெரிய டிரில் பிட் ஒன்றைக் கையால் இரண்டு சுற்று சுற்றினால் அந்த முள் வழித்துக்கொண்டு போய்விடும். பூட்டியபின் கலெக்டர் காலுக்கும் ஹீட் சிங்குக்கும் பஸ்ஸர் வைத்துப் பாருங்கள், அடிக்கக் கூடாது. பயாஸ் டிரான்சிஸ்டரோ டையோடோ ஹீட் சிங்கைத் தொட்டபடி இருந்ததென்றால் அதே இடத்தில் திரும்ப வையுங்கள். ஹீட் சிங்க் சூடாகும்போது பயாஸைக் குறைப்பது அதன் வேலை.

முதல் ஆன்: பல்பு தொடரில், ஸ்பீக்கர் இல்லை, இன்புட் கிரவுண்டோடு இணைத்தபடி, பயாஸ் பிரிசெட் குறைந்தபட்சத்தில். பல்பு மங்கி, அவுட்புட்டில் 50 மில்லிவோல்ட்டுக்குள் வந்தால் பல்பை எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுக்கலாம். பிறகு 0.22 ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே டிசி மில்லிவோல்ட் அளந்தபடி பிரிசெட்டை மெதுவாகத் திருப்புங்கள். 5 மில்லிவோல்ட் என்றால் சுமார் 23 மில்லிஆம்பியர், 10 என்றால் 45. இந்த இரண்டுக்கும் நடுவே வைத்து, பத்து நிமிடம் சூடாகவிட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் பயாஸ் பாகம் ஹீட் சிங்கை ஒட்டவில்லை. மிகக் குறைவாக வைத்தால் மெல்லிய சத்தத்தில் குரல் சொரசொரவென்று கேட்கும். முதல் பாட்டை வேண்டாத பழைய ஸ்பீக்கரில் போடுங்கள்.

ஐசி போட்ட சிறிய செட்டுகளில் தேட வேண்டியது குறைவு. டிடிஏ2030-ஐ 12-0-12-ல் போட்டால் சப்ளை 17 வோல்ட், அதன் உச்ச வரம்பு 18. லைன் ஏறினால் போகும். அந்த இடத்தில் 22 வோல்ட் தாங்கும் டிடிஏ2030ஏ போடலாம். இரட்டை சப்ளையில் அதன் உலோக முதுகு மைனஸ் சப்ளையோடு இணைந்தது, ஆகவே மைக்கா அவசியம். எல்ஏ4440 போன்ற ஒற்றை சப்ளை ஐசிகளில் அவுட்புட் காலில் பாதி சப்ளை வோல்ட்டேஜ் நிற்பது இயல்பு. அதற்கு அப்புறம் உள்ள 1000 மைக்ரோபாரட் கெபாசிட்டரைத் தாண்டி அளந்தால்தான் சுழி வரும்.

ஹம்

வால்யூமைக் குறைத்தால் ஹம் குறைகிறதா? குறைந்தால் அது வால்யூமுக்கு முன்னாலிருந்து வருகிறது: இன்புட் ஒயர், டோன் போர்டு, பேனல். வால்யூம் சுழியில் இருந்தும் அதே அளவு கேட்டால் பவர் போர்டு, சப்ளை, கிரவுண்டு ஒயரிங். பில்டர் பழுதால் வரும் ஹம் 100 ஹெர்ட்ஸ், கொஞ்சம் கூர்மையான ரீங்காரம். கிரவுண்டு லூப்பாலும் டிரான்ஸ்பார்மர் அருகாமையாலும் வருவது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ், அடியில் உறுமுவது போல.

கிரவுண்டு ஒயர்கள் எல்லாம் பில்டர் கெபாசிட்டர்களின் நடுப்புள்ளியில் ஒரே இடத்தில் சேர வேண்டும். ஸ்பீக்கர் கிரவுண்டை டோன் போர்டு வழியாகச் சுற்றிக்கொண்டு வராதீர்கள். ஷீல்டு ஒயரின் மேல் வலையை ஒரு முனையில் மட்டும் கிரவுண்டு செய்யுங்கள். வால்யூமின் உலோக உடலுக்கு ஒரு கிரவுண்டு ஒயர் கொடுத்தால், குமிழைத் தொட்டதும் மாறும் ஹம் அடங்கும்.

புளூடூத் பேனல் தனி ஜாதி. பாட்டு நின்ற பிறகும் கிர்ர் என்றும் ‘டிக் டிக்’ என்றும் கேட்டால், பேனலின் சப்ளையும் ஆடியோவும் ஒரே கிரவுண்டு ஒயரைப் பகிர்ந்துகொள்கின்றன என்று பொருள். பேனலின் 5 வோல்ட் சப்ளைக்கு நடுவே பி0505எஸ் என்ற சின்ன ஐசோலேட்டட் மாட்யூலை வைத்தால் சரியாகும், அல்லது அதற்குத் தனியாக ஒரு சிறு டிரான்ஸ்பார்மர். அந்த மாட்யூல் 1 வாட், அதாவது 200 மில்லிஆம்பியர் மட்டுமே கொடுக்கும். பென் டிரைவ் போடும் பேனலுக்குப் போதாமல் போகலாம், அப்போது தனி டிரான்ஸ்பார்மர்தான். 33 வோல்ட் சப்ளையிலிருந்து நேரடியாக 7812 வழியாகப் பேனலுக்கு எடுப்பதும் வேண்டாம். அந்த ஐசியின் இன்புட் வரம்பே 35.

ஒரு பக்கம் பாடவில்லை, கரகரக்கிறது

பவர் போர்டு சரியாக இருந்தும் ஒரு பக்கம் பாடாவிட்டால், டோன் போர்டிலிருந்து பவர் போர்டுகளுக்குப் போகும் இடது, வலது ஒயரை மாற்றிப் போடுங்கள். மௌனம் மறுபக்கம் போனால் பழுது முன்னால். அங்கேயே நின்றால் பவர் போர்டு, ரிலே அல்லது டெர்மினல். மெல்லிய சத்தத்தில் ஒரு பக்கம் இல்லாமல், வால்யூமைத் திடீரென்று ஏற்றினால் ‘டப்’ என்று வந்துவிடும் சேனல் அநேகமாக ரிலே காண்டாக்ட் கறுத்ததுதான். எமரித் தாளால் தேய்க்காதீர்கள், மேல் பூச்சு போய்விடும். அதே வோல்ட்டேஜ், அதே கால் அமைப்புள்ள புது ரிலே போடுங்கள்.

டோன் போர்டில் 4558-இன் 8-ம் காலில் பிளஸ் 12, 4-ம் காலில் மைனஸ் 12, அவுட்புட்டான 1, 7 இரண்டிலும் சுழிக்கு அருகே இருக்க வேண்டும். 12 வோல்ட்டில் ஒன்று இல்லாவிட்டால் பாட்டு உடைந்து, மூச்சுத் திணறுவது போலக் கேட்கும். பெரும்பாலும் ஜீனர் (வோல்ட்டேஜை 12-ல் நிறுத்தும் டையோடு) ஷார்ட் அல்லது அதற்கு முன் உள்ள டிராப் ரெசிஸ்டர் கருகல். 33-லிருந்து 12-க்கு இறங்க 21 வோல்ட், 25 மில்லிஆம்பியருக்கு 820 ஓம். அரை வாட்டுக்கு மேல் சூடாகும், ஆகவே குறைந்தது 1 வாட், 2 வாட் என்றால் நிம்மதி.

வால்யூம் திருப்பும்போது கரகரப்பா? காண்டாக்ட் கிளீனரைக் காலுக்கு மேலுள்ள இடைவெளியில் அடித்து முப்பது தடவை முழுக்கத் திருப்புங்கள். எண்ணெய்ப் பிசுக்குள்ள பொது ஸ்பிரே அடித்தால் ஒரு வாரத்தில் தூசி ஒட்டி இன்னும் மோசமாகும். சுத்தம் செய்தும், ஏன் புதுசு போட்டும், கரகரப்பு போகவில்லையென்றால் வால்யூமின் இன்புட் காலில் டிசி அளந்து பாருங்கள். ஓரிரண்டு மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால், முன்னால் உள்ள, டிசியைத் தடுக்க வேண்டிய கப்ளிங் கெபாசிட்டர் லீக் ஆகி டிசியை விடுகிறது. மாற்ற வேண்டியது அதைத்தான்.

பாட்டே இல்லாமல் ஹீட் சிங்க் சுடுகிறது, பயாஸும் சரி என்றால், அவுட்புட்டில் 0.1 மைக்ரோபாரட்டோடு தொடராக நிற்கும் 10 ஓம் ரெசிஸ்டரைப் பாருங்கள். அது கருகியிருந்தால் ஆம்ப் காதுக்கு எட்டாத அலைவரிசையில் ஊசலாடியிருக்கிறது. ரெசிஸ்டரையும் கெபாசிட்டரையும் புதிதாகப் போட்டு, இன்புட் ஒயரை ஸ்பீக்கர் ஒயரிலிருந்து பிரித்து வேறு பக்கமாகக் கொண்டுபோங்கள்.

மூடியைப் பூட்டுவதற்கு முன், பெரிய பாகங்களின் கால்களைச் சுற்றி ஈயத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஹீட் சிங்கின் எடை அசையும் இடங்களில் முடி போன்ற வட்ட விரிசல் விழுந்திருக்கும். பழைய ஈயத்தை உறிஞ்சிவிட்டுப் புதிதாக வையுங்கள். பிறகு மூடி திறந்த நிலையில் ஒரு மணி நேரம் நடுத்தர சத்தத்தில் ஓடட்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹீட் சிங்கில் விரலை ஐந்து நொடி வைக்க முடிந்தால் மூடலாம். முடியாவிட்டால் பயாஸை மறுபடி அளக்க வேண்டும்.